சம்பந்தம் இல்லாத கேசட்

காந்தனை டைரக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் முகம் தொங்கிவிடும். கல்யாணப் பந்தலில் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் மூக்குக்கு அரை அடி தூரத்தில் நின்று, ஐயரே தள்ளுங்க, அம்மா நீங்க தள்ளுங்க என்று அதிகாரம் பண்ணுகிறவனுக்கு அப்படியொரு பட்டம் எதற்கு என்று திலகா ஏழு வருஷமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்டதில்லை. அவன் முதலாளி, அவள் எடிட்டிங் மேசையில் உட்காரும் சம்பளக்காரி.

ஸ்டூடியோ மலாக்கா டவுனில், ஜாலான் புங்கா ராயாவில், ஒரு சீனர் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றேழில், காந்தன் ஒரு கம்ப்யூட்டரையும் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரையும் வாங்கிப் போட்டான். அன்றைக்குப் பிடித்தது சனியன். அதுவரைக்கும் ஒரு காட்சி முடிந்தால் அடுத்த காட்சி வரும், அவ்வளவுதான். அந்த சாஃப்ட்வேரிலோ ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் செருகுவதற்கு எழுபதுக்கு மேல் வித்தைகள் இருந்தன. காந்தனுக்கு அத்தனையும் வேண்டும். மாப்பிள்ளை கண்ணாடிச் சில்லாக உடைந்து சிதறுவார், சில்லெல்லாம் கூடி மணப்பெண்ணாகும். மாமியார் புத்தகத் தாள் மாதிரி சுருண்டு புரள்வார், அடியிலிருந்து சாம்பார் வாளி வரும். ஐயர் சுற்றிச் சுற்றிச் சின்னதாகிக் காணாமல் போவார். இந்தக் கண்ணராவியை எல்லாம் தன் கையாலேயே செருக வேண்டியிருக்கிறதே என்று திலகாவுக்கு வயிறு எரியும்.

இதில் ஒரு சட்டம் வேறு. ஸ்டூடியோவுக்குள் ‘கட்’ என்று சொல்லக் கூடாது. கல்யாணக் காரியத்தில் வெட்டு, குத்து என்று பேச்சு வரலாமா என்பான் காந்தன். இரண்டு காட்சி ஒட்டும் இடம் வெறுமையாக இருந்தால் அது வெட்டு. வீடியோவில் வெட்டு விழுந்தால் குடும்பத்திலும் விழும். ஆகவே ஒவ்வோர் ஒட்டிலும் ஒரு வித்தை இருந்தே தீர வேண்டும். அந்த வித்தைக்கு அவன் வைத்திருந்த பேர் சம்பந்தம்.

“திலகா, இங்க ஒரு சம்பந்தம் போடு. பூ கொட்டுற சம்பந்தம்,” என்பான்.

கல்யாண வீட்டுக்காரர்களிடமும் இதே பேச்சுதான். “நம்ம வீடியோல வெட்டே கிடையாதுலா. தொடக்கத்திலேருந்து கடைசி வரைக்கும் சம்பந்தம்தான்.” அவர்கள் பூரித்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். திலகா கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். படித்த மனிதர்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள்கூட இதற்குத் தலையாட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சம்பந்தங்களிலேயே மகா மட்டமானது சிவப்பு இதயம். புள்ளியாகத் தோன்றும், வீங்கும், திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், மூன்று விநாடி துடிக்கும், பிறகு அதன் நடுவே ஓட்டை விழுந்து அடுத்த காட்சி எட்டிப்பார்க்கும். திலகா அதற்கு ஈரல் என்று பேர் வைத்திருந்தாள். முன்பெல்லாம் அதைக் கல்யாணம் முடிந்து ஜோடியைக் கடற்கரையில் நிற்கவைத்து எடுக்கும் காட்சிகளில்தான் போடுவார்கள். இந்த வருஷம் ஆனி மாதத்துக் கல்யாணம் ஒன்றில், காந்தன் அதைத் தாலி கட்டும் இடத்திலேயே போட்டான். அன்றைக்கு அதிசயமாக, “இந்த எடத்த நானே பண்றேன், நீ போய்ச் சாப்பிட்டு வா,” என்று மேசையில் அவனே உட்கார்ந்தான். திலகா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தாலி இருக்க வேண்டிய இடத்தில் ஈரல் துடித்துக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். இவனுக்கெல்லாம் கண் எதற்கு என்று நினைத்தாள். ஆனால் அதைப் பார்த்த அடுத்த கல்யாண வீட்டார் எங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். அதற்கடுத்தவர்களும் கேட்டார்கள். அந்த முகூர்த்தப் பகுதியைக் காந்தன் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்காமல், வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டான்.

ஆவணி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில், அதே கல்யாணத்தின் பெண்ணும் பெண்ணின் அப்பாவும் மாடியேறி வந்தார்கள். காந்தன் காதுகுத்து ஒன்றைப் படம் பிடிக்க சுங்கை ரம்பாய்க்குப் போயிருந்தான்.

அப்பா பேர் தங்கையா. லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் கேசட். மகள் பவானேஸ்வரி அவருக்குப் பின்னால் படியோரம் நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறாமல் இருந்தது.

“தங்கச்சி, இந்தக் கேசட்டுல ஒரு நெஞ்சு வருதில்ல, அத எடுத்துடணும்,” என்றார் தங்கையா.

“நெஞ்சா?”

“செவப்பா. துடிக்குமே.”

“இதயத்த சொல்றாருக்கா,” என்றாள் பவானேஸ்வரி.

இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் இன்னும் ஒரு இதயம் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. திலகாவுக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது. உட்காரச் சொன்னாள். “ஏண்ணே, புடிக்கலியா?” என்று கேட்டாள்.

பிடிக்கிற பிடிக்காத விஷயமில்லை அது. தங்கையா விட்டுவிட்டுச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான். மாப்பிள்ளை வசந்தன், குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஆனியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் முறைப்படி பெண்ணை அப்பா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். ஆடி முடிந்தது, அழைத்துப்போக யாரும் வரவில்லை. தங்கையா கேட்கப் போனபோது வசந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பதில் சொன்னானாம்: “எங்கம்மா தொந்தரவுக்குத்தான் மணவறையில வந்து ஒக்காந்தேன். நான் தாலியே கட்டல. மூணு முடிச்சும் எங்கக்கா போட்டது. கட்டாத தாலிக்கு நான் எப்படி புருசனாவேன்?” கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணவில்லை. லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே தள்ளிவிட்டிருந்தான். இப்போது அவன் அம்மாவும் அதையே சொல்கிறாள், அக்கா உஷாராணியும் அதையே சொல்கிறாள். ஐயரோ அன்றைக்கு எனக்கு மூன்று முகூர்த்தம், யார் கை எங்கே இருந்தது என்று நான் கண்டேனா என்கிறார்.

“முதல் முடிச்சு மாப்பிள்ள போடணும், மத்த ரெண்டும் நாத்தனார் போடுவாங்க. ஒலகத்துல இருக்கிற வழக்கம்தானே தங்கச்சி. அக்காக்காரி பின்னால நின்னா யாரு சந்தேகப்படுவா? நான் பாத்தேன், அவன்தான் கட்டுனான். சாமி மேல சத்தியமா பாத்தேன்.”

“நீங்க அழுதுகிட்டிருந்தீங்கப்பா,” என்றாள் பவானேஸ்வரி.

தோட்டத்துக் கோயில் தலைவர் கணேசமூர்த்தி இரண்டு வீட்டாரையும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார். ஊர் முன்னால் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது, வசந்தன் ஒரு முடிச்சாவது போட்டிருந்தால் மரியாதையாகப் பெண்ணை அழைத்துப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. போடவில்லை என்றால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் முன்கூட்டியே கழன்றுகொண்டார். இவர்கள் வீட்டில் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், கழுத்துப் பக்கம் கொண்டுபோகிறான், குனிகிறான். அங்கே வந்து விழுகிறது இதயம். இதயம் போன பிறகு ஊரே அட்சதை போட்டுச் சிரிக்கிறது.

“நிறுத்தி நிறுத்திப் பாத்தாச்சி. டிவிக்குப் பக்கவாட்டுல போய் நின்னுகூட எட்டிப் பாத்தேன். அந்த நெஞ்சு மறைக்குது தங்கச்சி, ஒரு பக்கமும் தெரிய மாட்டேங்குது,” என்றார் தங்கையா.

வேறு நாளாக இருந்தால் திலகா சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. டிவியின் பக்கவாட்டில் நின்று ஈரலுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த அந்த மனிதரை நினைக்க நினைக்கக் காந்தன் மேல் ஆத்திரமாக வந்தது.

“ஒனக்கு ஞாபகம் இல்லியாம்மா?” என்று பவானேஸ்வரியைக் கேட்டாள்.

“தலையக் குனிஞ்சிருந்தேங்க்கா. மால வேற. மேலயெல்லாம் அரிசி விழுது. கழுத்துல கை பட்டுச்சி. யாரு கைன்னு தெரியல.”

படம் பிடித்த அசல் டேப்பில் அடுத்த வாரமே வேறொரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டான் காந்தன். அது அவன் வழக்கம். கேசட்டில் இருக்கும் இதயத்தைச் சுரண்டி எடுக்க முடியாது. ஆனால் கம்ப்யூட்டரில், மாதிரிக்கென்று வைத்திருந்த அந்தப் பதினைந்து நிமிஷம், ஒட்டுப் பிரிக்கக்கூடிய நிலையில் அப்படியே இருந்தது. காந்தனின் பெருமை ஒரு காரியத்துக்காவது உதவட்டும் என்று திலகா அதைத் திறந்தாள்.

திரையில் இரண்டு நீளப் பட்டைகள் வந்தன. மேல் பட்டையில் மாப்பிள்ளை தாலி எடுக்கும் காட்சி, கீழ்ப் பட்டையில் அட்சதை போடும் கூட்டம். மேல் காட்சி முடிவதற்கு முன்பே கீழ்க் காட்சி ஆரம்பித்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று மேலே கீழே நிற்கும் அந்த மூன்று விநாடிக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதுதான் சம்பந்தம்.

“இத எடுத்தா?” என்றார் தங்கையா.

“அடியில என்ன இருக்கோ அது தெரியும்ண்ணே.”

கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தாள். விசைப்பலகையில் ஒரு தட்டு. இதயம் போய்விட்டது. இவ்வளவு லேசாகப் போகிற வஸ்துவா இத்தனை பேரை ஆட்டிவைத்தது என்று இருந்தது அவளுக்கு. மேல் காட்சியின் வாலையும் காந்தன் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தான். அதையும் இழுத்து முழுசாக நீட்டிவிட்டாள். பிறகு ஒவ்வொரு படமாக மெல்ல நகர்த்தினாள்.

வசந்தனின் இரண்டு கையும் கயிற்றோடு பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகின்றன. தங்கையா நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். பின்னாலிருந்து உஷாராணியின் கை நீளுகிறது, வளையல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வசந்தன் கயிற்றின் இரண்டு முனையையும் அக்காவின் உள்ளங்கையில் வைக்கிறான். கையை எடுத்துக்கொள்கிறான். உஷாராணி ஒரு முடிச்சுப் போடுகிறாள். இரண்டாவது போடுகிறாள். மூன்றாவதை இழுத்து இறுக்குகிறாள். அந்த நேரம் முழுக்க மாப்பிள்ளை என்ன செய்தான் என்றால், காதைச் சொறிந்தான். அப்புறம் கேமரா இருப்பது ஞாபகம் வந்து, அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

அட நாயே என்று திலகாவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கட்டப் பிடிக்காதவன் எழுந்து போயிருக்கலாம். எழுந்து போவதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டும். இவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, ஊர்ச்சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, பின்னால் ஒரு நாள் நழுவுவதற்கு மணவறையிலேயே வழி பண்ணிவைத்துக்கொண்டு எழுந்திருக்கிறான். அப்படியும் அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

செருப்புக்கடையிலிருந்து ரேடியோச் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. தங்கையா காலிப் பையைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கினார்.

“தங்கச்சி,” என்றார். “அந்த நெஞ்ச திரும்பப் போட்டுடு.”

“அண்ணே?”

“போட்டுடும்மா. அது இருந்தாத்தான் நல்லது. மறைச்சிருக்கிற வரைக்கும் அவன் கட்டலன்னு எவனும் அடிச்சிச் சொல்ல முடியாதில்ல. கையக் கொண்டுபோறான், குனியறான், அது வரைக்கும் இருக்கு. பாக்கிறவங்க கட்டுனான்னுதான் நெனப்பாங்க.”

ரசனை கெட்ட சனங்கள், அதனால்தான் இந்தக் கூத்தெல்லாம் கேட்கிறார்கள் என்று திலகா இத்தனை வருஷமும் இளக்காரமாக நினைத்திருந்தாள். ஒருவர் அதைக் கையேந்திக் கேட்பார் என்று நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் காந்தன் கேமராப் பெட்டியோடு படியேறி வந்தான். திரையில் காதைச் சொறிந்தபடி நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்தான், நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்தான். முகம் வெளுத்து, உடனே சரியாகிவிட்டது.

“எதுக்கு அத நோண்டுற திலகா?”

“டைரக்டர், உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?”

“தெரியாம? கேமரா வழியா நான்தானே பாத்தேன். வெளிச்சம் போட்ட மாதிரி தெரிஞ்சிச்சி.” அவன் பெட்டியைக் கீழே வைத்தான். “ரெண்டு குடும்பம் நல்லா இருக்கட்டும்னு அழகா ஒரு சம்பந்தத்தப் போட்டு மறைச்சிக் குடுத்தேன். வேற ஒருத்தனா இருந்தா அப்படியே விட்டிருப்பான். நன்றி சொல்லணும்லா நீங்க.”

“இவங்ககிட்ட அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“நான் எப்படி சொல்றது? நான் வெறும் வீடியோக்காரன்.”

ஏழு வருஷத்தில் அவன் தன்னை வீடியோக்காரன் என்று சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. டைரக்டர் பட்டம் அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கே ஓடி ஒளிந்ததோ தெரியவில்லை. திலகா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்த பார்வையை அவள் மறைக்கவும் இல்லை.

தங்கையா எழுந்து காந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்க செஞ்சது சரிதான் தம்பி. இந்தத் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பழையபடி ஆக்கச் சொல்லுங்க.”

“ஆக்கிடலாம் அங்கிள். ஒரு தட்டுதான். திலகா, போடு.”

திலகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பவானேஸ்வரி அதுவரைக்கும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, இந்த மாதிரி சம்பந்தம் இதுல எத்தன இருக்கு?”

“இந்தப் பதினஞ்சு நிமிசத்துல முப்பத்தியொன்னு.”

“எல்லாச் சம்பந்தத்தையும் எடுத்துருங்கக்கா.”

“பவானி,” என்றார் தங்கையா. “ஊரு முன்னால மானம் போயிரும்மா.”

“யாரு மானம்ப்பா?”

தங்கையா காந்தனின் கையை விட்டார்.

“நீங்க நெஞ்சப் போட்டு மறைச்சி, அவங்க வாயடைச்சி என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. போனப்புறம்? அந்த வீட்ல நான் சாகிற வரைக்கும் இருக்கணும்ப்பா. அவரு காதச் சொறிஞ்சத நான் பாத்துட்டேன்.” குரல் உயரவில்லை. “எல்லாரும் பாக்கட்டும்.”

காந்தன் தொண்டையைச் செருமினான். “அப்படின்னா என் பேரு அதுல வரக் கூடாது. ஸ்டூடியோ பேரும் வரக் கூடாது. தொடக்கத்துல வர்ற டைரக்டர் கார்டு, எல்லாத்தையும் தூக்கிடு.”

“அத நானே கேக்கலாம்னு இருந்தேன் டைரக்டர்,” என்றாள் திலகா.

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். இத்தனை வருஷமாக ஆசைப்பட்ட வேலை. ஒவ்வொரு சம்பந்தமாகப் பிடித்துப் பிடித்து எடுத்தாள். பூக் கொட்டுவது போனது, கண்ணாடி உடைவது போனது, தாள் புரள்வது போனது. வெறும் வெட்டு, வெறும் வெட்டு. எடுக்க எடுக்கத்தான் ஒன்று புரிந்தது. ஒரு காட்சி முடிகிற நேரத்தில்தான் மனிதர்கள் கேமரா நகர்ந்துவிட்டது என்று நினைத்து முகத்தைக் கழற்றி வைக்கிறார்கள். அந்த விநாடிகளின் மேல்தான் காந்தனின் வித்தைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. பாத பூஜை முடிந்த கையோடு வசந்தன் மாமனார் தொட்ட காலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறான். அவன் அம்மா சம்பந்தியம்மாளுக்குச் சிரித்துவிட்டு, திரும்பும்போது உதட்டைப் பிதுக்குகிறாள். உஷாராணி பெண்ணின் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். பதினைந்து நிமிஷமும் இதே கதை. திலகா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லா வாலையும் முழுசாக நீட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து லூபோக் சீனாவுக்குப் போனாள். வரச் சொல்லி பவானேஸ்வரி கேட்டிருந்தாள். கேட்காவிட்டாலும் போயிருப்பாள்.

கோயில் மண்டபத்தில் ஒரு மேசை மேல் டிவியும் வீடியோ பிளேயரும் வைத்திருந்தார்கள். தோட்டமே வந்திருந்தது. வசந்தன் வீட்டார் வேனில் வந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவன் கட்டம் போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான். கோயிலுக்குள் கறுப்புக் கண்ணாடி. கழற்றச் சொல்ல கணேசமூர்த்திக்கு வாய் வரவில்லை. ஊரில் நாலு பேர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் எகிறிக் குதிக்கும் தலைவர், குருபோங் சூப்பர்வைசருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

கேசட் ஓடியது. கூட்டம் முதலில் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. காலைத் துடைத்த இடம் வந்ததும் பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. பாத பூஜை செய்த தங்கையா தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாலி வந்தது. கயிறு கை மாறியது. உஷாராணியின் வளையல், முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. மாப்பிள்ளை காதைச் சொறிந்தான், பல்லைக் காட்டினான்.

வசந்தனின் அம்மாதான் முதலில் பேசினாள். “பாத்தீங்கல்ல? நாங்க சொன்னதுதானே. எம்மவன் கட்டல.”

“ஆமா, கட்டலதான்,” என்றார் கணேசமூர்த்தி, தங்கையாவைப் பார்க்காமல். “படத்துலயே தெரியுது. இதுக்கு மேல கோயிலு என்ன பண்ண முடியும்.”

வசந்தன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வழக்கு ஜெயித்துவிட்டது, வேனுக்குப் போகலாம் என்ற தோரணை. திலகாவுக்கு எழுந்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

பவானேஸ்வரி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அவன் பக்கம் போகவில்லை. உஷாராணியின் எதிரே போய், அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, மூணு முடிச்சும் நீங்க போட்டது. அவுத்துருங்க.”

உஷாராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி கண்ணாடிக்குள் இருந்தான்.

“கோயில்ல வச்சி என்னா பேச்சு இது,” என்றாள் உஷாராணி.

“கோயில்ல வச்சித்தானே கட்டுனீங்க. அவரு கட்டியிருந்தா அவரக் கேட்டிருப்பேன்.”

ஒருவரும் தடுக்கவில்லை. கணேசமூர்த்தி நல்ல நேரம், கெட்ட நேரம் என்று ஏதோ ஆரம்பித்தார், பெண்கள் பக்கமிருந்து ஒரு கிழவி, “நீ சும்மா இருய்யா, நீ பேசுனதெல்லாம் போதும்,” என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். உஷாராணி கயிற்றில் விரலை வைத்தாள். ஒரு முடிச்சு சுலபமாக வந்தது. அடுத்த இரண்டும் மஞ்சள் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்து இறுகிக் கிடந்தன. நகத்தால் நெம்பினாள், குனிந்து பல்லால் இழுத்தாள். இத்தனை பேர் பார்க்க, மூக்கில் வேர்வை ஒழுக, நாத்தனார் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பவானேஸ்வரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்தவும் இல்லை.

கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. தாலி மடியில் விழுந்தது. தங்கையா ஒரு சத்தம் எழுப்பினார், உடனே துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

பவானேஸ்வரி அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வசந்தனுக்கு நேரே போய் நின்றாள். இரண்டு மாதமும் அவனை ‘நீங்க’ என்றுதான் பேசியிருந்தாள்.

“இந்தா,” என்றாள், கையை நீட்டி. “அடுத்தவளுக்காவது நீயே கட்டு.”

வசந்தன் கையை நீட்டவில்லை. அவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உஷாராணிதான் எழுந்து வந்து, தம்பிக்குப் பதிலாக அதையும் வாங்கிக்கொண்டாள்.